துணியே செல்வமாயிருந்த நாடு: குபோக்கோ நகரும் டிவ் மக்களும்

மேற்கு ஆப்பிரிக்காவில், நைஜீரியா தேசத்தின் பெனுவே நதிப் பள்ளத்தாக்கில் வாழும் டிவ் மக்கள் பெரும்பாலும் உழவர்கள். வள்ளிக்கிழங்கு, சோளம், எள் ஆகியன அவர்களது நிலத்தின் முக்கிய விளைபொருள்கள். பெனுவே மாநிலத்தின் தலைநகர் மக்கூர்டி. எனினும், தங்கள் பண்பாட்டின் தலைநகராக டிவ் மக்கள் போற்றுவது குபோக்கோ நகரையே.

இப்பெருமை பழைய அரண்மனையால் வந்ததன்று. ஆதியில் அம்மக்களுக்கு அரசரே இல்லை. ஒரே மூதாதையின் வழிவந்தோர் எனத் தம்மைக் கருதிய அவர்கள், குலங்களாகப் பிரிந்து, மூத்தோர் கூடி வழக்குத் தீர்க்கும் முறையில் வாழ்ந்தனர். ஆங்கிலேயர் ஆட்சியில் குபோக்கோ நிர்வாகத் தலைமையிடமாயிற்று. 1947-இல் மக்கிர் ட்சாக்பே என்பவர் எல்லாக் குலங்களுக்கும் பொதுத் தலைவராக, ‘டோர் டிவ்’ என்னும் பதவியில் அமர்ந்தார். அப்பதவியின் பீடம் குபோக்கோவிலேயே உள்ளது. 2017 முதல் அதனை வகிப்பவர் பேராசிரியர் ஜேம்ஸ் அயாட்சே; அவர் ஐந்தாமவர்.

நெசவாளராகிய நம் அங்கத்தினர் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. முற்காலத்தில் அந்நாட்டில் கைத்தறித் துணி செல்வத்தின் அளவாகவே விளங்கிற்று. 1949 முதல் அங்குத் தங்கி ஆராய்ந்த பால் பொகானன் என்னும் மானிடவியல் அறிஞர் இதனை விவரித்துள்ளார். கிழங்கும் தானியமும் சந்தையில் ஒன்றுக்கொன்று மாற்றப்பட்டன. ‘டுகுடு’ என்னும் வெண்துணியோ, பித்தளைக் கம்பி, கால்நடை ஆகியவற்றோடு வேறொரு மேலான வரிசையில் வைக்கப்பட்டது. உணவுப் பொருளைக் கொடுத்துத் துணி பெற்றவன் உயர்ந்தவன். துணியைக் கொடுத்து உணவு பெற்றவன் தாழ்ந்தவன் என்பது அவர்கள் கொள்கை. ஆங்கிலேயர் வரியை நாணயமாகக் கேட்டனர். வரிப்பணத்திற்காக உழவர் எள் விளைவித்து வணிகருக்கு விற்கலாயினர். எல்லாப் பொருள்களும் ஒரே காசினால் அளக்கப்பட்டபோது துணியின் அத்தனியிடம் மறைந்தது.

ஆயினும் அதன் மதிப்பு முற்றும் அழியவில்லை. கறுப்பும் வெள்ளையுமாகக் கோடிட்ட ‘ஆங்கெர்’ துணி இன்றும் டிவ் இனத்தின் அடையாளமாகும். ஒடுங்கிய பட்டைகளாக நெய்து, அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துத் தைப்பது பழைய முறை. திருமணம், விழா, பட்டமேற்பு யாவற்றிலும் அக்கோடுகளைக் காணலாம். 2019-இல் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்ற ‘குவாஹிர்’ என்னும் பொம்மலாட்ட, முகமூடிக் கூத்தும் இம்மக்களுடையதே.

எனினும் இரண்டு துன்பங்கள் இவர்களைச் சூழ்ந்துள்ளன. மேய்ச்சல்காரருக்கும் உழவருக்கும் இடையே ஆண்டுக்கணக்காக நிகழும் மோதல்களால், பெனுவேயில் பல்லாயிரம் குடும்பங்கள் நிலத்தை விட்டு முகாம்களில் தங்க நேர்ந்தது. மறுபுறம், அதே கோடுகளைத் தாங்கிய ஆலைத்துணி மலிவாகச் சந்தைக்கு வருகிறது. வாங்குவோர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே; நெசவாளர் அடுப்புக்கு ஒன்றல்ல.

விழாக் கூட்டத்தில் எல்லோரும் கோடிட்ட உடை உடுத்தியிருப்பது கண்டு, கைத்தறி வாழ்கிறது என்று முடிவு செய்துவிடலாகாது. எத்தனை தறிகள் ஓடுகின்றன, நெய்தவர் கைக்கு எவ்வளவு கூலி சேர்கிறது என்பனவே மெய்யான கணக்கு. நம் சங்கங்களும் ஆண்டறிக்கையில் விற்பனைத் தொகைக்கு அருகே இவ்விரண்டையும் எழுதி வைப்பது நலம்.