மணல் திறந்தால் மடவை வரும்

தி. நகரில் ஒரு மீன் கடை. விலைப்பலகையில் வஞ்சிரத்துக்கும் வவ்வாலுக்கும் நடுவே 'இந்தியன் சால்மன்' என்று எழுதியிருந்தது. எது என்று கேட்டேன். "காலாதான் சார். காலான்னு எழுதுனா பாதிப் பேருக்குத் தெரியல" என்றார் கடைக்காரர்.

காலாவுக்கும் சால்மனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் காலாவும் லேசுப்பட்ட மீன் அல்ல. மார்புத் துடுப்புகளுக்குக் கீழே இரண்டு பக்கமும் நான்கு நான்கு இழைகள் தொங்கும். கலங்கிய தண்ணீரில் கண் உதவாதபோது அவற்றால் தடவித்தான் இரை தேடும். இளமையில் ஆணாக இருந்து, வளர்ந்ததும் பெண்ணாக மாறும். முள் குறைவு என்பதால் குழந்தைகளுக்கு நம்பிக் கொடுக்கலாம். இத்தனை இருந்தும் ஊரில் விலைபோவதற்கு அதற்கு ஒரு வெளிநாட்டுப் பெயர் வேண்டியிருக்கிறது.

நிஜ சால்மன் வேறு கதை. ஸ்காட்லாந்திலோ நார்வேயிலோ ஆற்றில் பொரிந்து, கடலுக்குப் போய்த் தின்று கொழுத்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும். ஆற்றின் வாசனையைக் குஞ்சிலேயே மனதில் பதித்துக்கொள்கிறது என்று அமெரிக்க விஞ்ஞானி ஆர்தர் ஹாஸ்லர் 1950-களிலிருந்து செய்த சோதனைகள் காட்டின. வாசனை பிடிபட்டாலும் சால்மன் உடனே ஆற்றில் ஏறிவிடாது. தண்ணீர் குறைவாக இருந்தால் முகத்துவாரத்திலேயே காத்துக்கிடக்கும். மலையில் மழை பெய்து ஆறு பெருகினால்தான் கிளம்பும்.

அங்கே தூண்டில் போடுகிறவர்களின் கண் முழுக்க நீர்மட்டத்தில்தான். வெள்ளம் ஏறும்போது தண்ணீர் சேறும் சருகுமாக வரும், மீன் சிக்காது. ஏறிய வெள்ளம் வடிந்து, தேநீர் நிறத்துக்குத் தெளிகிற அந்தச் சில மணி நேரம்தான் பொன்னான நேரம். இறகும் ரோமமும் சுற்றிய கொக்கியைப் பூச்சி போலவோ குட்டி மீன் போலவோ நீரில் மிதக்கவிடுவார்கள். கலங்கிய பெருநீரில் பெரிய, பளிச்சென்ற கொக்கி. வற்றிய தெளிநீரில் விரல்நகம் அளவுக்குச் சின்னது. வேடிக்கை என்னவென்றால், ஆற்றுக்குள் வந்த சால்மன் சாப்பிடுவதையே நிறுத்தியிருக்கும். பசியில்லாத மீன் கொக்கியைக் கவ்வுவது ஏன்? கோபமா, பழக்கமா என்று இன்றும் விவாதம் ஓய்ந்தபாடில்லை.

தமிழ்நாட்டில் சால்மன் குடும்பத்து மீன் என்றால் நீலகிரி டிரவுட்தான். 1907-ஐ ஒட்டி எச்.சி. வில்சன் என்பவர் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து நிலைபெறச் செய்தது. சென்னையில் அதற்கெல்லாம் வழியில்லை. குளிர்ந்த நீர்தான் ஆக்சிஜனை அதிகம் பிடித்துவைக்கும். 10 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். சாக்கடை கலந்த அடையாற்றில் அதுவும் மிஞ்சுவதில்லை.

ஆனாலும் அடையாற்றில் மீன் இருக்கிறது. முகத்துவாரத்தை ஒட்டிய உடைந்த பாலத்துப் பக்கம் காலையில் போனால், இடுப்பளவு நீரில் வீச்சுவலையோடு ஒருவராவது நிற்பார். முக்கியமான சரக்கு மடவை. சால்மனுக்கு நேர் எதிர்ப் பிறவி இது. கடலில் பொரிந்து, குஞ்சிலேயே கழிமுகத்துக்குள் வந்து வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்குப் போகும். சாப்பாட்டிலும் தலைகீழ். நாளெல்லாம் மேய்ந்துகொண்டே இருக்கும், ஆனால் மண்புழுவையும் இறாலையும் லேசில் சீண்டாது. சேற்றின் மேல் படியும் பாசியையும் மக்கிய தூளையும் உறிஞ்சி, கோழியின் கந்தனக்காய் போன்ற இரைப்பையில் அரைத்துக்கொள்ளும். ஓயாமல் தின்கிற மீன் தூண்டிலுக்கு மசியாது என்பதால்தான் வலை.

மடவை அடிக்கடி நீருக்கு மேலே துள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆக்சிஜன் குறைந்த நீரில், மேலே வந்து காற்றைத் தொண்டையில் அடைத்துக்கொள்ளத்தான் துள்ளுகிறது என்று ஒரு விளக்கம் உண்டு. அடையாற்று மடவைக்கு அந்த வித்தை நிறையவே தேவைப்படும்.

சால்மனைப் போல மடவைக்கும் வழிவிடுவது நீர்மட்டம்தான். ஆனால் இங்கே மட்டத்தைத் தீர்மானிப்பது மழை மட்டுமல்ல, மணல். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் அலைகள் மணலைக் கரையோரமாக வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. துறைமுகச் சுவர் எழும்பியபின் மெரினா அகன்றதும் ராயபுரம் கரைந்ததும் அந்த மணல் தடைபட்டதால்தான். அதே மணல் போகிற வழியில் அடையாற்றின் வாயிலும் திட்டாகக் குவிகிறது. அதை அரித்துத் தள்ள, சுமார் 42 கிலோமீட்டர் நீளமே உள்ள ஆற்றுக்குக் கோடையில் தெம்பு கிடையாது. ஓதத்துக்கும் பலம் போதாது, அமாவாசை பௌர்ணமியில்கூட ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரை ஒட்டியே. திட்டு வாயை அடைத்துவிட்டால் கழிமுகம் சாக்கடைக் குளம்தான். அந்த நிலையில் முதல் கனமழை அடிச்சேற்றைக் கிளறினால் இருக்கிற ஆக்சிஜனும் தீர்ந்து, மீன்கள் செத்து மிதக்கும்.

மடவை முட்டையிடக் கடலுக்குப் போவது வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய மாதங்களில். ஆறு பெருகி மணலை உடைக்கும் காலமும் அதுதான். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி, அதாவது எட்டு லட்சம் லிட்டருக்கு மேல், திறந்துவிட்டபோது ஆற்றின் வாயை யாரும் வெட்டிவிட வேண்டியிருக்கவில்லை. சாதாரண வருஷங்களில் மழைக்கு முன்னால் பொக்லைன் வந்து வெட்டுகிறது.

கழிமுகத்துக்குப் பக்கத்திலேயே, சாந்தோம் நெடுஞ்சாலையில், 1987-இல் தொடங்கிய மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1997-இல் கொடுவாவையும் 2015-இல் பால்மீனையும் தொட்டிக்குள் முட்டையிட வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்தவர்கள் இவர்கள். ஆற்றின் வாய் திறந்திருந்தால் குஞ்சுகள் தாமாகவே வந்து சேரும் மீன்கள் இவை.

போன மாதம் உடைந்த பாலத்தருகே வலை வீசிக்கொண்டிருந்த பெரியவரிடம், "முகத்துவாரத்தை வெட்டிட்டாங்களே, இனிமே மீன் வருமில்லையாண்ணே?" என்றேன். வலையின் ஈயக் குண்டுகளில் சிக்கியிருந்த பிளாஸ்டிக் பையைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே, "மிசின் வெட்டுன வாய் நாலு நாளு நிக்கும் சார். ஆறு வெட்டுனாத்தான் நிக்கும்" என்றார். பிறகு கால் எதுவரை நனைகிறது என்று குனிந்து பார்த்துவிட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார். ஓதம் ஏறத் தொடங்கியிருந்தது.