கென்னடியின் பேனாவும் பள்ளிப் பிள்ளைகளும்

ஜான் கென்னடி அமெரிக்காவின் முதல் கத்தோலிக்க ஜனாதிபதி என்பதால் நம்மில் பலருக்கு அவர்மீது தனிப் பிரியம் உண்டு. கறுப்பின மக்களின் சம உரிமைக்குச் சட்டம் கேட்டவர் என்றும் படிக்கிறோம். உண்மையே. ஆனால் அவராகவே முன்வந்தாரா?

அரசின் உதவி பெறும் வீடுகளில் நிறபேதத்தை ஒழிக்க ஜனாதிபதியின் ஒரு கையெழுத்தே போதும் என்று 1960ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் பேசினார். பதவிக்கு வந்த பின்போ பேனா அசையவில்லை. அவர் கட்சியின் தென்மாநிலத் தலைவர்கள் பலர் நிறபேதத்தை ஆதரித்தனர். அவர்களைப் பகைக்க அவர் அஞ்சினார். அவரிடம் பேனா இல்லை போலும் என்று மக்கள் வெள்ளை மாளிகைக்குத் தபாலில் பேனாக்களை அனுப்பினார்கள்! 1962 நவம்பரில்தான் கையெழுத்து விழுந்தது.

பேனாக்களால் ஆனது அவ்வளவே. மற்றதைச் செய்தவர்கள் நம் வயதுப் பிள்ளைகள்.

அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாம் நகரில் கறுப்பினத்தவர் வெள்ளையரோடு ஒரே உணவுக் கடையில் அமர்ந்து உண்ண முடியாது. 1963இல் மார்ட்டின் லூதர் கிங் அங்கே அறப்போர் நடத்தினார். ஊர்வலத்துக்கு வந்தால் வேலை போய்விடும் என்று பெரியவர்கள் பலர் தயங்கினர். பிள்ளைகளுக்கு அந்தத் தளை இல்லை. அவர்களை அனுப்பலாமா என்று கிங் அவர்களும் தயங்கத்தான் செய்தார். மே 2ஆம் நாள் மாணவ மாணவியர் வகுப்புகளை விட்டு வந்து, பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் ஆலயத்திலிருந்து பாடிக்கொண்டே அணி அணியாக நடந்தனர். ஏழெட்டு வயதுக் குழந்தைகளும் இருந்தார்கள். அன்றே நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். மறுநாள் போலீசார் நாய்களை ஏவினர். தீயணைப்புக் குழாய்களிலிருந்து பாய்ந்த நீர் பிள்ளைகளைத் தரையோடு உருட்டியது. கல்வி வாரியமோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவரைப் பள்ளியிலிருந்து விலக்கிற்று. மேல்நீதிமன்றம் இரண்டே நாளில் அதைத் தள்ளிவிட்டது.

அந்தப் படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. சுதந்திர உலகின் தலைவன் என்று சோவியத் ரஷ்யாவின் முன் மார்தட்டிய நாடு என்ன பதில் சொல்லும்? பேசாதிருப்பதே இப்போது ஜனாதிபதிக்கு நஷ்டமாயிற்று. ஜூன் 11 இரவு தொலைக்காட்சியில் தோன்றி, இது அறநெறிப் பிரச்சினை என்று கூறிச் சட்டம் கேட்டார். ஓட்டுக் கணக்குப் பார்த்த அதே மனிதர்தான்.

செப்டம்பர் 15 ஞாயிறன்று பிள்ளைகள் புறப்பட்ட அதே ஆலயத்தில் வெடித்த குண்டு நான்கு சிறுமியரின் உயிரைப் பறித்தது. மூவருக்கு வயது 14, ஒருத்திக்கு 11. நவம்பர் 22இல் கென்னடியும் சுடப்பட்டு இறந்தார். 1964 ஜூலை 2இல் சட்டத்தில் கையெழுத்திட்டவர், அடுத்து ஜனாதிபதியான லிண்டன் ஜான்சன்.

அவரே அவ்வாண்டு டிசம்பரில், வாக்குரிமைச் சட்டத்துக்கு இது சமயமல்ல என்று கிங்கிடம் கூறினார். 1965 மார்ச் 7இல் செல்மா நகர்ப் பாலத்தில் ஊர்வலத்தார் அடிபட்டனர். எட்டே நாளில் ஜான்சன் காங்கிரசுக்குச் சென்று அச்சட்டத்தைக் கோரினார். இடையில் மார்ச் 10இல், செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து வந்த கத்தோலிக்க அருட்சகோதரியர் துறவு உடையிலேயே செல்மா ஊர்வலத்தின் முன்வரிசையில் நின்றனர். அவர்களுள் ஒருவரான சகோதரி மேரி அன்டோனா ஈபோ கறுப்பினத்தவர்.