அத்தையின் மாத்திரை டப்பா

"எனக்கு எங்கே அம்மா பசிக்கப் போகிறது? காலையிலேயே ஏழு மாத்திரை முழுங்கியாச்சு. இனிமேல் இட்டிலிக்கு இடம் ஏது?" என்று சொல்லிச் சிரிப்பார் என் அத்தை.

அத்தைக்கு வயது 68. எட்டு வருஷமாக முடக்குவாதம். விரல் கணுக்களெல்லாம் வீங்கி, காலையில் எழுந்தால் கதவுத் தாழ்ப்பாளைக்கூட நீக்க முடியாமல் தவித்தவரை எழுந்து நடமாட வைத்தது பிரெட்னிசலோன் என்ற ஸ்டெராய்டு மாத்திரைதான். இரண்டு வருஷத்துக்கு முன் இருதயமும் தகராறு செய்ய ஆரம்பித்தது. துடிப்பு ஒழுங்கு தவறியது. கால் வீங்கியது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. அதற்கென்று இன்னொரு டாக்டர், இன்னொரு சீட்டு. "டாக்டர் இரண்டு, சீட்டு இரண்டு, வயிறு மட்டும் ஒன்று!" என்பது அத்தையின் கணக்கு.

மாத்திரைகளைக்கூடப் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது அசதிதான். "வலி என்றால் வலிக்கிறது என்று சொல்லலாம். இதை என்னவென்று சொல்ல? குளித்துவிட்டு வந்தால், நெல் மூட்டை தூக்கினவள் மாதிரி அப்படியே உட்கார வேண்டியிருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு நான் சோம்பேறி!" என்று ஒரு நாள் கண் கலங்கிவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்மாள் வந்தார். "அக்கா, உங்கள் முகம் ஏன் இப்படி உப்பிக் கிடக்கிறது? எல்லாம் அந்த ஸ்டெராய்டு செய்கிற வேலை. இருதயத்துக்கும் அது ஆகாதாம். நிறுத்திப் பாருங்கள், அசதியெல்லாம் பறந்துவிடும்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அத்தையும் யாரிடமும் மூச்சு விடாமல், தினம் ஒரு மாத்திரையைத் துளசித் தொட்டியில் புதைக்க ஆரம்பித்தார்.

ஐந்தாம் நாள் காலை. குளிக்கும் அறையில் 'தடா'லென்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், அத்தை சுவரோரமாகச் சரிந்து கிடக்கிறார். உடம்பு சில்லிட்டிருக்கிறது. வாந்தி வேறு. நான் பயந்தது இருதயத்துக்கு. ஆனால் ஆஸ்பத்திரியில் இரத்த அழுத்தத்தைப் பார்த்த டாக்டர் அம்மாள் கேட்ட முதல் கேள்வி, "ஸ்டெராய்டு மாத்திரையை நிறுத்தினீர்களா?" என்பதுதான். அத்தை கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாகத் தலையை ஆட்டினார். நரம்பில் ஊசி மூலம் அதே மருந்து ஏறிய பிறகுதான் முகத்தில் உயிர்க்களை வந்தது.

அணைந்து போன அடுப்பு

நம் இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி வைத்தாற்போல் ஒவ்வொரு சுரப்பி இருக்கிறது. அட்ரினல் என்று பெயர். தேகத்துக்கு வேண்டிய கார்டிசால் என்ற ஹார்மோனை அது தினமும் சுரக்கிறது. விடியற்காலையில் அதிகமாகவும், இரவில் குறைவாகவும் சுரக்கும். காய்ச்சல், காயம், அதிர்ச்சி என்று வந்தால், கூடுதலாகச் சுரந்து நம்மைத் தாங்கிப் பிடிக்கும்.

டாக்டர் அம்மாள் இதை எங்களுக்கு விளக்கிய விதம் எனக்கு மிகவும் பிடித்தது. "உங்கள் வீட்டுக்கு வெளியிலிருந்து தினமும் சாப்பாட்டுக் கூடை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சமையலறை அடுப்பை யார் மூட்டுவார்கள்? நாளடைவில் அடுப்பே அணைந்துவிடும். வருஷக்கணக்கில் அப்படி இருந்துவிட்டு, ஒரு நாள் கூடையை நிறுத்தினால் எல்லோரும் பட்டினிதானே? ஸ்டெராய்டு மாத்திரை அந்தக் கூடை. உங்கள் அட்ரினல் அந்த அடுப்பு. மூன்று நான்கு வாரத்துக்கு மேல் மாத்திரை சாப்பிட்டவர்கள் சட்டென்று நிறுத்தவே கூடாது. டாக்டர் சொல்கிறபடி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால்தான் அடுப்பு மறுபடி பற்றிக்கொள்ளும்."

இந்த மருந்துக்கு ஒரு சுவையான கதை உண்டு. 1948-ஆம் வருஷம் செப்டம்பரில், அமெரிக்காவில் மேயோ ஆஸ்பத்திரியில், முடக்குவாதத்தால் நகர முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண்மணி ஒருவருக்கு பிலிப் ஹெஞ்ச் என்ற டாக்டர் கார்டிசோன் ஊசியைப் போட்டார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்து, கடைத்தெருவுக்கே போய்விட்டாராம்! 1950-இல் ஹெஞ்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் என்ற மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் நிறையக் கொடுத்தால் முகம் சந்திரன்போல் உப்புவதும், வேறு பல உபத்திரவங்கள் வருவதும் அதன் பிறகே தெரிந்தன. அமிர்தமும் அளவோடுதான்.

உப்பும் பொட்டாசியமும்

பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. ஸ்டெராய்டு, உடம்பில் உப்பையும் நீரையும் தங்க வைக்கும். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏற்றும். பலவீனமான இருதயத்துக்கு இது கூடுதல் சுமைதான். அந்த நீரை இறக்கத்தான் பிரூஸெமைடு போன்ற 'நீர் மாத்திரை'யைக் கொடுக்கிறார்கள்.

இங்கேதான் சூட்சுமம். நீர் மாத்திரை நீரோடு பொட்டாசியம் என்ற உப்பையும் வெளியேற்றும். ஸ்டெராய்டும் பொட்டாசியத்தைக் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் இரட்டை நஷ்டம். பொட்டாசியம் குறைந்தால் தசை தளரும், கால் குரக்கு வலிக்கும், அசதி வரும், இருதயத் துடிப்பு தடுமாறும்.

அத்தை சாப்பிடும் இன்னொரு மாத்திரை டிகாக்ஸின். இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற வைத்தியர், பாக்ஸ்குளோவ் என்ற பூச்செடியின் இலை இருதய நோய்க்கு உதவுவதைப் பற்றி 1785-இல் புத்தகம் எழுதினார். டிகாக்ஸினும் அந்தச் செடி இனத்தில் கிடைப்பதுதான். மருந்துக்கும் விஷத்துக்கும் இடையே இதில் இடைவெளி குறைவு. பொட்டாசியம் குறைந்துவிட்டாலோ, வழக்கமான அளவுகூட அதிகமாகிவிடும். சாப்பாடு பிடிக்காமல் போவது, குமட்டல், பார்வை மங்கி மஞ்சளாகத் தெரிவது, நாடி மிகவும் மெதுவாவது - இவை எச்சரிக்கை மணிகள்.

"அப்படியானால் தினம் இரண்டு இளநீர் குடித்துவிடுகிறேன்" என்றார் அத்தை. டாக்டர் அம்மாள் உடனே கையை உயர்த்தினார். "அதுவும் கூடாது! சில இருதய மாத்திரைகள் பொட்டாசியத்தை உடம்பிலேயே தேக்கி வைக்கும். ஸ்பைரனோலாக்டோனும், 'பிரில்' என்று முடிகிற மாத்திரைகளும் அப்படி. சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் தேங்கும். அதிகமானாலும் ஆபத்துதான். இரத்தத்தைச் சோதித்துப் பார்த்துத்தான் இளநீரா, வாழைப்பழமா என்று முடிவு செய்ய வேண்டும்." 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் விற்பதும் பெரும்பாலும் பொட்டாசியம் கலந்ததே. அதையும் கேட்காமல் வாங்கக் கூடாது.

பையிலிருந்து விழுந்தவை

"வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்" என்றார் டாக்டர் அம்மாள். மேஜைமேல் கொட்டினோம். இரண்டு சீட்டிலும் இல்லாத இரண்டு சாமான்கள் வெளிவந்தன.

ஒன்று, முழங்கால் வலிக்கென்று அத்தை மருந்துக் கடையில் தாமாகவே வாங்கிய வலி மாத்திரை. இந்த ரகமும் ஸ்டெராய்டும் சேர்ந்தால் வயிற்றில் புண் விழுந்து இரத்தம் கசியலாம். ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்களுக்குப் பயம் இன்னும் அதிகம். நீரைத் தேக்கி, இருதயத்தையும் திணற வைக்கும்.

மற்றொன்று, நம்ப மாட்டீர்கள், அதிமதுரம்! தொண்டைக் கமறலுக்கு அத்தை தினமும் ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொள்வது வழக்கம். "இதுவா? இது கைமருந்துதானே?" என்றேன். அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் அதுவும் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, அழுத்தத்தை ஏற்றுமாம். மற்றவர்களுக்குக் கைமருந்து, அத்தைக்கு அது மூன்றாவது எதிரி.

அசதிக்கு ஒரு வரவு செலவு

அசதி என்பது ஒரே காரணத்தால் வருவதல்ல. அத்தைக்குச் சோகை, தைராய்டு, சர்க்கரை, பொட்டாசியம் எல்லாம் பார்த்தார்கள். துடிப்பை அடக்கும் 'பீட்டா பிளாக்கர்' மாத்திரை ஆரம்பத்தில் சோர்வு தரும். பலருக்குச் சில வாரங்களில் பழகிவிடும். அதையும் தாமாக நிறுத்தக் கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கினால் வரும் படபடப்பை அது மறைத்துவிடும் என்பதையும் நீரிழிவுக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டும். நாள்பட்ட ஸ்டெராய்டினால் தொடைத் தசை மெலிந்தால், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாது. மனச்சோர்வும் அசதியாகத்தான் வெளியே தெரியும்.

அத்தை செய்த இன்னொரு தவறும் அகப்பட்டது. ஸ்டெராய்டை இரவில் சாப்பிட்டுவந்தார். இரவெல்லாம் தூக்கமில்லாமல் புரண்டு, பகலெல்லாம் கண் சொருகியது. இப்போது காலைப் பலகாரம் ஆனதும் சாப்பிடுகிறார். உடம்பின் இயற்கையும் அதுதான். நீர் மாத்திரையும் காலையிலேயே. இரவில் நாலு தடவை எழுந்திருக்க வேண்டியதில்லை.

வீட்டு வரவு செலவு மாதிரி தெம்புக்கும் ஒரு கணக்கு எழுதினோம். குளியலும் பூஜையும் காலையில் என்றால், துணி மடிப்பது சாயங்காலம். காய் நறுக்குவது மேஜையில் உட்கார்ந்து. குளிக்கும் அறையில் ஒரு முக்காலி. மத்தியானம் அரை மணிப் படுக்கை. அதற்கு மேல் இல்லை. முற்றும் ஓய்ந்து கிடந்தால் தசை இன்னும் மெலியும். ஆகையால் டாக்டரின் அனுமதியோடு தினமும் கொஞ்சம் நடை, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி. நல்ல நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு மறு நாள் படுக்கையில் விழுவது கூடவே கூடாது!

சமையலில் ஊறுகாய், அப்பளம், வற்றல் எல்லாம் விருந்தாளிகளுக்கு மட்டும். சாதாரண மனிதருக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி உப்புதான். தினமும் காலையில் எடை பார்த்துக் காலண்டரில் எழுதுகிறோம். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதையல்ல, நீர். உடனே டாக்டருக்குச் சொல்ல வேண்டும்.

மறக்கக் கூடாதவை

ஸ்டெராய்டு சாப்பிடுகிறவர்கள், "நான் இன்ன மருந்து, இன்ன அளவு சாப்பிடுகிறேன், திடீரென்று நிறுத்தக் கூடாது" என்று எழுதிய சீட்டைக் கைப்பையில் எப்போதும் வைத்திருக்க வேண்டும். பல் பிடுங்கப் போனாலும் காட்ட வேண்டும். காய்ச்சல் வந்தால் அளவை எவ்வளவு கூட்டுவது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை வயிற்றில் தங்காமல் வாந்தியானால், வீட்டில் காத்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். நெஞ்சு வலி, படுத்தால் மூச்சு முட்டல், மயக்கம், கறுப்பாக மலம் போவது - எதுவானாலும் அன்றைக்கே போக வேண்டும். வார்பரின் சாப்பிடுகிறவர்கள், ஸ்டெராய்டின் அளவு மாறும்போதெல்லாம் இரத்தம் உறையும் கணக்கைச் சோதித்துக்கொள்வது அவசியம்.

இப்போது இரண்டு டாக்டர்களும் கலந்து பேசி, அத்தையின் ஸ்டெராய்டை மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைத்துவருகிறார்கள். அசதி அடியோடு போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் போன வெள்ளிக்கிழமை, வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து, தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலுக்கு நடந்தே போய் வந்தார்.

திரும்பி வரும்போது பக்கத்து வீட்டு அம்மாள் வாசலில் நின்றிருந்தார். "என்ன அக்கா, மாத்திரையை நிறுத்திவிட்டீர்களா? தெம்பாக இருக்கிறீர்களே!" என்றார்.

"ஆமாம், நிறுத்திவிட்டேன். கேட்காமல் நிறுத்துவதை நிறுத்திவிட்டேன்" என்றார் அத்தை.