ரப்பர் பாலில் கரண்ட் பாயுமா?

நம்ம பேச்சிப்பாறையில் யாரைக் கேட்டாலும் "ரப்பர்ல கரண்ட் பாயாது" என்றுதான் சொல்வார்கள். காய்ந்த ஷீட்டுக்கு அது சரி. பாலுக்கும் சரியா? மரத்துக்கும் சரியா? ஒரு சின்னச் சோதனை செய்து பார்த்தேன்.

9 வோல்ட் பேட்டரி ஒன்று, சிவப்பு எல்.இ.டி. ஒன்று, அது கருகாமல் இருக்க 470 ஓம் மின்தடை, இரண்டு முனையும் சீவிய பென்சில் இரண்டு. பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும். (வீட்டு பிளக்கில் இருந்து கரண்ட் எடுத்து யாரும் இதைச் செய்யாதீங்க. ஆளைக் கொன்றுவிடும்.)

முதலில் சட்டியில் வறுத்து ஆறவைத்த கல்லுப்பு. பல்பு எரியவில்லை. அடுத்து அணைத் தண்ணீர். அது காட்டு மழைத் தண்ணீர், உப்புச்சத்து குறைவு. வெளிச்சம் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. அதில் ஒரு ஸ்பூன் உப்பைப் போட்டேன், பளிச்! வேறொரு டம்ளரில் சர்க்கரை போட்டுக் கலக்கியும் ஒரு மாற்றமும் இல்லை.

உப்பில் சோடியம் நேர் அயனியாகவும் குளோரைடு எதிர் அயனியாகவும் இருக்கின்றன. கட்டி உப்பில் இரண்டும் இறுகப் பிடித்துக்கொண்டு நிற்பதால் நகர முடியாது. தண்ணீர் அவற்றைப் பிரித்துவிடுகிறது. நேர் அயனி எதிர் முனைக்கும் எதிர் அயனி நேர் முனைக்கும் போகும். அந்தப் போக்குதான் கரண்ட். சர்க்கரை கரைந்தாலும் அயனியாகப் பிரிவதில்லை. சுத்தமான நீரைவிடக் கடல்நீர் சுமார் பத்து லட்சம் மடங்கு நன்றாகக் கடத்தும். எலக்ட்ரான்கள் ஓடுகிற செம்புக் கம்பியோ கடல்நீரைவிட ஒரு கோடி மடங்குக்கும் மேல்!

உப்பு தண்ணீரில் கரைந்தாலே அயனியாகப் பிரிந்துவிடும் என்ற கருத்துக்கு வழிகாட்டியவர் சுவீடன் நாட்டு அர்ரீனியஸ். 1884ல் அவர் கொடுத்த ஆய்வேட்டுக்குக் கிடைத்தது குறைந்த மார்க்தான். 1903ல் நோபல் பரிசே கிடைத்தது. (மார்க் குறைந்தவர்கள் கவனிக்கவும்!)

இனி நம்ம விஷயத்துக்கு வருவோம். சிரட்டையில் இருந்து எடுத்த புதுப் பாலில் பென்சில்களை வைத்தேன். பல்பு எரிந்தது! பாலில் ரப்பர் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். அதில் பொட்டாசியம், மக்னீசியம் போன்ற அயனிகள் இருக்கின்றன.

இன்னொன்றும் நடந்தது. சில நிமிடத்தில் நேர் முனைப் பென்சிலில் மட்டும் தீக்குச்சி மருந்து மாதிரி வெள்ளையாக ரப்பர் படிந்தது. பாலில் உள்ள ரப்பர்த் துகள்கள் எதிர் மின்னூட்டம் உடையவை. அதனால்தான் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, ஒட்டாமல் மிதக்கின்றன. பாலில் ஆசிட் ஊற்றினால் அதிலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் அந்த எதிர் மின்னூட்டத்தை இல்லாமல் ஆக்கிவிடும், பால் உறையும். வீட்டில் தினமும் பார்க்கிற காரியத்துக்குள் இப்படி ஒரு மின்சாரக் கணக்கு!

உறைந்ததை ரோலரில் பிழிந்து, புகை போட்டுக் காயவைத்தால் தண்ணீர் போய்விடும். அதோடு அயனிகள் நகர்வதற்கான வழியும் போய்விடும். காய்ந்த ஷீட்டில் பென்சிலை எவ்வளவு அழுத்தினாலும் பல்பு எரியவில்லை. ஆனால் நனைந்த ரப்பர் செருப்பை நம்ப முடியாது. மேலே இருக்கிற ஈரம் வழியாகக் கரண்ட் போகும். கறுப்பு டயரில் கரித்தூள் கலப்பதால் அதுவும் கொஞ்சம் கடத்தும்.

அப்போ ரப்பர் மரம்? பச்சைக் கொம்பு ஒன்றை வெட்டி பென்சில் முனைகளைக் குத்தினேன். இருட்டில் பார்த்தால் லேசாக வெளிச்சம். வெறும் 9 வோல்ட்டுக்கே இப்படி. வீட்டுக்கு வருவது 230 வோல்ட், பெரிய லைனில் 11,000 வோல்ட்! 2017 நவம்பர் 30ல் ஓகி புயல் அடித்தபோது நம்ம மாவட்டத்தில் ரப்பர் மரங்களும் கரண்ட் கம்பங்களும் சேர்ந்தே சாய்ந்தன. அப்படிக் கம்பி விழுந்து கிடக்கிற மரத்தை, ரப்பர் மரம்தானே என்று தொட்டுவிடாதீங்க. லைன்மேன் அண்ணன் வந்து லைனை ஆஃப் பண்ணிய பிறகுதான் பக்கத்தில் போகணும்.