ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்கள்

பேங்குக்குப் போய்விட்டு வரும் பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது: "உள்ளே தெரிஞ்ச முகம் ஒண்ணுகூட இல்லை. எல்லாம் சின்னப் பிள்ளைங்க." டீ ஆறுவதற்குள் காரணத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் 1969-இலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த ஆண்டு ஜூலை 19-இல் 14 வங்கிகள் அரசுடைமை ஆயின. 1980-இல் இன்னும் ஆறு. 1969-இல் நாடு முழுக்க எட்டாயிரத்துச் சொச்சமாக இருந்த வங்கிக் கிளைகள் 1990 வாக்கில் ஏறக்குறைய 60,000 ஆகிவிட்டன. கிளை திறந்தால் காசாளர் வேண்டும், பேரேடு எழுத ஆள் வேண்டும், பியூன் வேண்டும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் படித்த பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக எடுத்தார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் பேங்க் மாப்பிள்ளை தேடி அலைந்த காலம்.

பந்தியில் ஒன்றாக உட்கார்ந்தவர்கள் ஒன்றாகத்தான் எழுவார்கள். 1977-இல் 22 வயதில் சேர்ந்தவருக்கு 2015-இல் 60. கூடச் சேர்ந்த அத்தனை பேருக்கும் ஏறக்குறைய அதே கணக்கு. 2010-க்குப் பிறகு மாதக் கடைசி என்றாலே மாலையும் சால்வையும்தான்.

வயதானவர்கள் ஓய்வு பெறுவது உலக வழக்கம். பிறகு ஏன் இத்தனை தடுமாற்றம்? என்னைக் கேட்டால், 60 வயதுக்காரர் போனதைவிட 45 வயதுக்காரர் இல்லாமல் இருந்ததுதான் பெரிய அடி. தொண்ணூறுகளில் கணினி வந்தது, செலவைக் குறைக்கச் சொன்னார்கள், ஆள் எடுப்பது சுருங்கியது. 2000-01-இல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. 15 ஆண்டு சர்வீஸ் அல்லது 40 வயது இருந்தால் போதும். சுமார் ஒரு லட்சம் பேர் கிளம்பிவிட்டார்கள். கிழவர்களுக்காகப் போட்ட திட்டம் என்று நினைத்தால் தப்பு; நடு வயதுக்காரர்களுக்கும் அதில் கதவு திறந்திருந்தது. ஆகவே 2011-இல் ஐபிபிஎஸ் பொதுத்தேர்வு வழியாகப் புதியவர்கள் வரத் தொடங்கியபோது, ஒரு பக்கம் ஓய்வை எண்ணிக்கொண்டிருந்தவர்கள், மறுபக்கம் இருபது சொச்சம் வயதுப் பிள்ளைகள். நடுவில் நின்று கற்றுக்கொடுக்க ஆள் குறைவு.

கற்றுக்கொடுக்க என்ன இருக்கிறது, எல்லாம்தான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்பீர்கள். இங்கேதான் ஒரு சங்கதி. மேனேஜர் சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போய்விடுவார். கிளையின் ஞாபகம் கிளார்க்கிடம்தான் இருந்தது. மாற்றல் வருமே என்று பதவி உயர்வையே வேண்டாமென்றவர்கள் பலர். பிள்ளைகள் படிப்பு, வயதான தாய் தகப்பன் என்று ஒரே ஊரில் காலத்தை ஓட்டினார்கள். எந்தக் குடும்பம் தலையை அடமானம் வைத்தாவது கடனைக் கட்டும், எது மழுப்பும், எந்த நிலத்தில் பங்காளித் தகராறு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். இது எந்தப் பேரேட்டிலும் இல்லை. கணினிக்கு மாற்றியபோது பேரேட்டில் இருந்ததைத்தான் ஏற்றினார்கள்.

அதற்காகப் பழையதைத் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டாம். தெரிந்த முகத்துக்கு உடனே கடன், தெரியாதவருக்கு "நாளைக்கு வாங்க" என்பதும் அந்த ஞாபகத்தின் இன்னொரு பக்கம். இப்போது கடன் கொடுக்குமுன் பார்க்கும் சிபில் மதிப்பெண்ணுக்குச் சாதி தெரியாது, தெருவும் தெரியாது. வாடிக்கையாளர் கையிலிருக்கும் போனிலேயே முக்கால்வாசி வேலையை முடித்துக்கொடுக்கப் புதிய பிள்ளைகளால் முடிகிறது. வாராக்கடன் கேட்டுப் போகும்போதுதான் திணறுகிறார்கள்.

இப்போது உட்கார்ந்திருப்பதும் இன்னொரு பெரிய பந்தி. 2012-இல் 24 வயதில் சேர்ந்தவர் 2048-இல் ஓய்வு பெறுவார், கூட்டத்தோடு. ஐந்து வருடம் அள்ளுவது, அடுத்த பத்து வருடம் கதவைச் சாத்துவது என்ற பழக்கத்தை வங்கிகள் விட வேண்டும். கொஞ்சமானாலும் ஆண்டுதோறும் ஆள் எடுக்கட்டும்.