பனிநாட்டுத் திருமணப் படங்கள்

ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து அறைவீட்டுத் திண்ணைக்கு வந்த அந்தத் தாயின் கையில் ஒரு பெரிய உறை இருந்தது. கும்மிடிப்பூண்டியை அடுத்த பெத்திக்குப்பத்தில், 1990-இல் அமைந்த இலங்கைத் தமிழர் முகாமில் வாழ்பவர் அவர். பல ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவருடன் கனடாவுக்குச் சென்ற அவருடைய மகனுக்குச் சனவரித் திங்களில் டொரான்டோ நகரில் திருமணம் நிறைவேறியது. தாயிடம் கடவுச்சீட்டு இல்லை. ஆகவே பயணமும் இல்லை. மகன் மணக்கோலத்தில் நின்றதை அவர் கண்டது அந்த உறைக்குள் இருந்த படங்களில்தான்.

ஒவ்வொன்றாக எடுத்து என்னிடம் நீட்டினார். பீடத்தின் முன் மோதிரம் மாற்றுதல், தாலி கட்டுதல், கையொப்பமிடுதல். பிறகு ஒரு படம். வெள்ளை வெளேரென்ற நிலம், இலையற்ற மரங்கள், நடுவே சிவப்புப் பட்டுச்சேலையில் மணமகள், அருகே மணமகன். இருவரும் சிரிக்கின்றனர். எனக்கு அழகாகத்தான் பட்டது. தாய்க்கோ முகம் சுருங்கிவிட்டது.

“சுவாமி, என்ன இது! இந்தப் பிள்ளையளை மேற்சட்டையும் இல்லாமல் பனிக்குள்ள நிப்பாட்டி வைச்சிருக்கினம். படம் பிடிச்சவருக்கும் ஒரு தாய் இருப்பாதானே?”

எனக்கு விடை தெரியவில்லை. உள்ளதைச் சொன்னால், படம் பிடிப்பவர்கள் மீது எனக்கே நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. எழுந்தேற்ற வேளையில் பீடத்துக்கும் மக்களுக்கும் இடையே முதுகைக் காட்டி நின்றவரை நான் திருப்பலிக்கு நடுவிலேயே கடிந்துகொண்டதும் உண்டு. ஆயினும் இந்தத் தாய்க்காக விசாரிக்கலாம் என்று எண்ணினேன். இதே முகாமில் பிறந்து, நம் கோவிலில் பீடச் சிறுவனாக இருந்து, இவ்வூர்க் கடைத்தெருப் படநிலையம் ஒன்றில் தொழில் பயின்ற ஒருவர் இன்று டொரான்டோவில் திருமணப் படங்கள் எடுத்துப் பிழைக்கின்றார். கைப்பேசியில் அவரை அழைத்தேன். ஒரு மணி நேரம் பேசினார். அன்று அறிந்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பனி என்றதும் நாம் மார்கழி வைகறையில் புல்மேல் நிற்கும் நீர்த்துளியை நினைக்கின்றோம். அங்கே பனி வானத்திலிருந்து பஞ்சு போல் இறங்கிக் குவிகின்றது. வசதியுள்ளவர்கள் திருமணத்தைக் கோடைக்குத் தள்ளிவைக்கின்றனர். எல்லாருக்கும் அது இயல்வதில்லை. நம் நாட்காட்டியும் இதில் ஒத்துழைப்பதில்லை. திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் திருமணத்தைத் தவிர்ப்பது நம் குடும்பங்களின் வழக்கம். ஆகவே திருக்காட்சித் திருநாளுக்கும் சாம்பல் புதனுக்கும் இடைப்பட்ட வாரங்களில் கோவில்கள் நிறைகின்றன. இந்து சகோதரர்களோ மார்கழியை விலக்கித் தை பிறக்கக் காத்திருக்கின்றனர். இரண்டு கணக்கும் கும்மிடிப்பூண்டிக்கு மிகப் பொருத்தமானவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வெயில் ஏறாத நல்ல நாட்கள் அவை. டொரான்டோவிலோ ஆண்டின் கடுங்குளிர் அப்போதுதான். சொந்த ஊர்ப் பருவத்தைக் கையோடு கொண்டுபோனவர்களின் முகூர்த்தத்தில் வேலை செய்ய வேண்டியிருப்பவர் படம் பிடிப்பவர்.

அவருக்கு முதல் எதிரி வெளிச்சமின்மை. திசம்பர் இறுதியில் மாலை ஐந்து மணிக்கு முன்னரே அங்கே சூரியன் மறைந்துவிடுகின்றது. பிற்பகல் இரண்டு மணிக்குத் திருப்பலி தொடங்கினால், வாழ்த்துரைகள் முடிந்து வெளியே வரும்போது எஞ்சியிருப்பது ஒரு மணி நேரப் பகல்.

அடுத்தது கருவியின் ஏமாற்று. ஒளியை அளக்கும் கருவி, தான் காணும் காட்சி நடுத்தரச் சாம்பல் நிறம் உடையதென்று கருதிக் கணக்கிடும்படி செய்யப்பட்டது. எங்கும் வெண்மை பரவியிருந்தால், ஒளி மிகுந்துவிட்டதென்று எண்ணிப் படத்தை இருட்டாக்கிவிடும். பனி அழுக்குச் சாம்பலாகும். நம் மக்களின் மாநிற முகங்களோ கருத்து மறைந்துபோகும். ஆகவே கருவி சொல்வதைவிட ஒன்று அல்லது இரண்டு படி கூடுதலாக ஒளியை உள்ளே விட வேண்டும். அதிகமாக விட்டுவிட்டாலோ வெண்பட்டின் சரிகை வேலைப்பாடு எல்லாம் வெறும் வெள்ளையாகக் கரைந்துவிடும். “கருவியை நம்பினால் மாப்பிள்ளை முகம் போய்விடும் ஃபாதர், அவர் முகத்தைப் பார்த்துத்தான் அளவு வைக்க வேண்டும்” என்றார் அவர்.

மின்கலங்கள் குளிரில் விரைவில் வலுவிழக்கின்றன. மாற்றுக் கலங்களைச் சட்டையின் உட்பையில், உடற்சூட்டிலேயே வைத்திருக்கின்றனர். கண்ணை ஒட்டி நோக்கினால் மூச்சுக்காற்றே கண்ணாடியில் படிந்து உறைகின்றது. முக்காலியின் உலோகக் காலை வெறுங்கையால் தொட இயலாது. அதற்கு உறை சுற்றி வைக்கின்றனர். தடித்த கையுறையோடு பொத்தானை அழுத்த முடியாது. மெல்லிய கையுறை விரலைக் காப்பதில்லை. படச்சுருள் இருந்த காலத்தில் தொல்லை இன்னும் கூடுதல். கடுங்குளிரில் சுருள் முறுகி ஒடியும். வேகமாகச் சுற்றினால் மின்பொறி தெறித்துக் கிளை கிளையாகக் கோடு விழும்.

இவற்றினும் பெரிய அச்சம் வெளியிலிருந்து உள்ளே நுழையும் கணம். குளிர்ந்த கருவியைச் சூடான மண்டபத்துக்குள் கொண்டுவந்ததும் ஆடி முழுவதும் நீர்த்திவலை மூடிக்கொள்ளும். மணமக்கள் நுழைவதும் அதே கணத்தில்தானே! ஆகவே வெளியே பயன்படுத்தியதை நெகிழிப் பையில் இறுகக் கட்டி மெதுவாகச் சூடேற விட்டு, உள்ளேயே வைத்திருந்த இன்னொரு கருவியால் படம் எடுக்கின்றனர். இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. குளிரூட்டிய மண்டபத்திலிருந்து நம் கடற்காற்றுக்குள் வரும் படக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்பதை நான் இங்கே எத்தனை முறை பார்த்திருக்கின்றேன்! காரணம் ஒன்றே, திசைதான் வேறு.

பனியில் நிற்கவைத்ததைப் பற்றிக் கேட்டேன். மேற்சட்டையுடன் மணமக்களை இடத்துக்கு அழைத்துச் சென்று, நிற்கும் நிலையை எல்லாம் முன்னரே ஒத்திகை பார்த்து, கடைசியில் சட்டையை வாங்கிக்கொண்டு இரண்டு மூன்று நிமிடத்தில் முடித்துவிடுவார்களாம். சேலைக்கடியில் கம்பளி உள்ளாடையும் காலில் முழங்கால் வரை குளிர்க்காலணியும் உண்டு, படத்தில் தெரியாது. குளிர் மிஞ்சினால் வெளியே போவதே இல்லை. நகரின் நடுவே ஆலன் தோட்டம் என்று ஒன்று இருக்கின்றது. 1910-இல் கட்டப்பட்ட கண்ணாடி மாளிகையின் கீழ் பனை வகைகளும் வாழையும் அங்கே வளர்கின்றன. முன்அனுமதி பெற்று அங்கே சென்று படம் எடுக்கின்றனர். நம் ஊரில் வேலியோரம் நிற்கும் மரங்களை அங்கே கண்ணாடிக்குள் வளர்த்துப் பார்க்க வேண்டியிருக்கின்றது.

ஈழத்தமிழர் அந்தக் குளிர் நாட்டுக்கு விரும்பிப் போனவர்கள் அல்லர். 1983 சூலை வன்செயலுக்குப் பின் ஓடியவர்களுள், 1986 ஆகஸ்டில் உயிர்காப்புப் படகுகளில் அட்லாண்டிக் கடலில் மிதந்துகொண்டிருந்த 150-க்கும் மேற்பட்டவர்களை நியூபவுண்ட்லாந்து மீனவர் கஸ் டால்டன் கண்டு காப்பாற்றிய செய்தி உலகெங்கும் பரவிற்று. இன்னொரு பகுதியினர் இராமேசுவரம் வழியாக நம்மிடம் வந்தனர். ஒரே குடும்பத்தின் ஒரு பாதி உறைபனியிலும் மறுபாதி தகரக்கூரை வெயிலிலும் வாழும் நிலை இப்படித்தான் உண்டாயிற்று.

இந்தத் தாயிடம் அவருடைய சொந்தத் திருமணப் படம் ஒன்றுகூட இல்லை. 1995 அக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு மக்கள் இரவோடிரவாக வெளியேறியபோது, பெட்டியோடு வீட்டில் விட்டுவந்தாராம். கணவர் பின்னர் இறந்துவிட்டார். அவர் முகம் எப்படி இருந்தது என்று மகனுக்குக் காட்ட ஒன்றுமில்லை. சிலுவைப்பாதையின் ஆறாம் நிலையில் நாம் நினைவுகூரும் வெரோணிக்காவைப் படம் பிடிப்போர் தங்கள் பாதுகாவலியாகக் கொண்டிருப்பது வீண் அல்ல என்று அப்போது தோன்றிற்று.

திருச்சபைச் சட்டப்படி, மணத்தை முன்னின்று நடத்தும் குருவோடு சாட்சிகள் இருவர் வேண்டும். அவர்கள் கையொப்பம் பதிவேட்டில் நிற்கும். வாழ்க்கைத் துணையைக் கனடாவுக்கு அழைக்க விண்ணப்பிப்பவர்களிடம் அந்நாட்டுக் குடிவரவுத் துறை சான்றிதழோடு புகைப்படங்களையும் கேட்கின்றது. அங்கே படக்காரர் மூன்றாவது சாட்சி ஆகிவிடுகின்றார். பீடத்தருகே வந்து நின்றவரை நான் கடிந்தது சரிதான். ஆனால் முந்தின நாள் மாலையே அவரை அழைத்து, எங்கே நிற்கலாம், எப்போது அசையக்கூடாது என்று சொல்லாதது என் குற்றம். இப்போது சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் கேட்கின்றனர்.

கதை இத்தோடு முடியவில்லை. குடும்பப் படத்தில் தாய் இல்லையே என்று மகனுக்கு ஏக்கம். அவரைத் தனியாகப் படம் எடுத்து அனுப்பினால், பனியில் எடுத்த குடும்பப் படத்தில் இணைத்துவிடலாம் என்று அங்குள்ள படக்காரர் சொல்லியிருக்கின்றார். இறந்தவரையும் தொலைவில் இருப்பவரையும் ஒட்டிச் சேர்ப்பது நம் ஊர்ப் படநிலையங்களில் பழைய வழக்கமே. ஆனாலும் தாய்க்கு ஐயம். “இது பொய்ச்சாட்சி ஆகாதோ சுவாமி?” என்று கேட்டார். சற்று யோசித்தேன். வீட்டுச் சுவரில் மாட்ட ஆகும். எந்த அலுவலகத்துக்கும் அனுப்பக்கூடாது. படத்தின் பின்புறம் இரு இடங்களின் பெயரையும் இரு தேதிகளையும் எழுதிவிட வேண்டும் என்றேன். சம்மதித்தார்.

மே மாதம், கத்திரி வெயில் காலம். டொரான்டோவில் அன்று வானம் மூட்டமாய் இருந்ததால் முகங்களில் நிழல் விழவில்லை. இங்கும் நிழல் விழாமல் எடுக்க வேண்டும் என்று அங்கிருந்து குறிப்பு வந்தது. கடைத்தெருப் படக்காரர் யோசித்து, கோவிலின் தென்புறத் தாழ்வாரமே சரியான இடம் என்று நாற்காலியைப் போட்டார். தாய் நல்ல சேலை உடுத்தி வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதிலிருந்து நீலக் கம்பளிச் சட்டை ஒன்றை எடுத்தார். மகன் என்றோ அனுப்பியது, ஒருநாளும் அணியாதது.

“இதை ஏன் அம்மா, இந்த வெயிலில்?” என்று கேட்டார் படக்காரர்.

“எல்லாரும் பனிக்குள்ள நிக்கினம் தம்பி. நான் மட்டும் சும்மா நிண்டால் பிள்ளை பயந்துபோகும்” என்று சொல்லிவிட்டு, கழுத்துவரை எல்லாப் பொத்தான்களையும் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தார்.