மேசைக் கணினி – 11: செம்புள்ளியும் கொடிமரமும்

துறைமுகத்தை நம்பிப் பிழைக்கின்ற ஓர் ஊரிலே, தூரத்தில் வருவது இன்னதென்று கரையில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே உணர்த்துகின்ற கலை, எழுத்தையும் கணக்கையும் போலவே ஜீவனோபாயத்துக்கு அவசியமான கலையாகும். 1786-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரான்சிஸ் லைட் நம் பினாங்குத் தீவிலே பிரிட்டிஷ் கொடியை ஏற்றிய நாள் தொட்டு, கம்பியில்லாத் தந்தி வந்து சேர்ந்த காலம் வரையில், ஜார்ஜ் டவுன் வணிகர்கள் தங்கள் சரக்கு வந்துவிட்டதா, தபால் வந்துவிட்டதா என்பதை அறிந்துகொண்டது பெரும்பாலும் கொடிகளின் மூலமாகவே. கொடிமலையின் உச்சியிலே நின்ற கொடிமரமும், கார்ன்வாலிஸ் கோட்டையிலே நின்ற கொடிமரமும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஊரார் அக்கொடிமரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தனர். 1882-இல் அதே கோட்டையின் வடகிழக்கு மூலையில் எழுப்பப்பெற்ற இரும்புக் கலங்கரை விளக்கம், 21 மீட்டர் உயரத்துக்குக் கப்பலின் பாய்மரத்தைப் போலவே இன்றைக்கும் நிமிர்ந்து நிற்பதை, எஸ்பிளனேடு பக்கம் மாலையில் காற்று வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

அந்தக் கொடிகளின் பின்னால் இருந்த சாஸ்திரம் சிறிது நின்று கவனிக்கத் தக்கது. 1857-இல் பிரிட்டிஷ் வர்த்தக இலாகா வெளியிட்ட சங்கேத நூல், பதினெட்டே கொடிகளை வெவ்வேறு வரிசையில் சேர்த்துக் கட்டுவதன் மூலம் 70,000-க்கு மேற்பட்ட செய்திகளைத் தெரிவிக்க வழி செய்தது. இன்று உலகெங்கும் வழங்குகின்ற சர்வதேச சங்கேதத்திலும், எழுத்துக்கு ஒன்றாக 26 கொடிகளும் எண்களுக்கும் பிறவற்றுக்கும் வேறு சில கொடிகளும் இருந்தபோதிலும், அத்தனைக்கும் சேர்த்து எடுத்தாளப்பட்டிருக்கும் வர்ணங்கள் ஐந்துதாம்: சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்பு, வெள்ளை. கடற்காற்றின் மங்கலிலும், வெயிலின் கூச்சத்திலும், மைல் கணக்கான தூரத்திலும் ஒன்று மற்றொன்றாகத் தோன்றி மயக்காத வர்ணங்கள் எவையோ அவற்றை மாத்திரமே வைத்துக்கொண்டு, அழகுக்காகக்கூட ஓர் ஆறாவது வர்ணத்தைச் சேர்க்காமல் இருந்த அந்தக் கட்டுப்பாடே அம்முறையின் பலம் என்பது என் திடமான அபிப்பிராயம். மஞ்சள் கொடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1926-இல் கட்டப்பெற்று, சென்னையையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கோடும் சிங்கப்பூரோடும் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் இணைத்து வைத்த ‘ராஜூலா’ கப்பலிலே டெக் பிரயாணிகளாக வந்திறங்கிய நம் பெரியோர்களுக்கு, ஜெரஜாக் தீவின் குவாரண்டைன் முகாமும், நோய் பற்றிய பேச்சில் அடிபடும் மஞ்சள் கொடியும் அந்நியமானவை அல்ல. அதே தனி மஞ்சள் கொடி இன்றைய சங்கேதத்தில், ‘என் கப்பலில் நோயில்லை, கரை சேர அனுமதி வேண்டுகிறேன்’ என்று சொல்கிறது. வர்ணத்துக்கென்று பிறவியிலேயே ஒரு பொருள் கிடையாது. பார்க்க வேண்டியவர்கள் கூடி நிர்ணயித்துக்கொள்வதே பொருள் என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

இவ்வளவும் எதற்காகச் சொல்லப்பட்டதென்றால், சென்ற வாரம் திரையின் அடியிலே ஓடும் டாஸ்க்பாரைப் பற்றிச் சொன்னபோது மிச்சம் வைத்த விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பட்டையிலே வரிசையாக அமர்ந்திருக்கும் சின்னங்களின் தோளில், திடீரென்று முளைக்கின்ற ஒரு சிறு வட்டமும் அதற்குள்ளே ஓர் எண்ணும் இருக்கின்றனவே, பேட்ஜ் என்று வழங்கப்படும் அந்த அறிவிப்புக் குறிதான் அது. அளவிலே ஒரு குங்குமப் பொட்டுக்கு மேல் இல்லாத அந்தக் குறி, நாள் முழுவதும் கணினியின் முன் அமர்ந்து வேலை செய்கின்ற ஒருவருடைய கவனத்தின்மீது செலுத்துகின்ற அதிகாரமோ மிகப் பெரிது. ஆப்பிள் நிறுவனம் 2001-இல் வெளியிட்ட புதிய மாக் முகப்பிலே, படிக்கப்படாத கடிதங்களின் தொகையைத் தபால் சின்னத்தின்மேல் சிவப்பிலே காட்டிற்று. 2007-இல் வந்த ஐபோன் அந்தச் செம்புள்ளியை உலகத்தார் எல்லோருடைய உள்ளங்கையிலும் கொண்டுபோய் வைத்தது. 2009-இல் வந்த விண்டோஸ் 7, டாஸ்க்பார்ச் சின்னத்தின் மூலையிலே ஒவ்வொரு செயலியும் தனக்கு இஷ்டமான ஒரு சிறு படத்தைப் பதித்துக்கொள்ள இடம் கொடுத்தது. ஏறக்குறைய எல்லோரும் தேர்ந்தெடுத்த வர்ணம் சிவப்பு.

சிவப்பு என்றால் அபாயம் என்ற பழைய எண்ணம் இதற்கு ஒரு காரணம். ஆனால் பினாங்குக்காரர்களாகிய நமக்கு இன்னொரு காரணமும் சொந்தமானது. மின்கருவிகளிலே ‘இங்கே பார்’ என்று சொல்வதற்காகப் பொருத்தப்பட்ட சின்னஞ்சிறு விளக்குகள் ஒரு தலைமுறைக் காலம் பெரும்பாலும் சிவப்பாகவே இருந்தன; ஏனெனில், 1962-இல் நிக் ஹோலோனியாக் என்ற அமெரிக்க விஞ்ஞானி கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தரும் எல்.இ.டி.யை முதன்முதலாகச் செய்து காட்டியபோது அவருக்குக் கைகூடிய வர்ணம் அதுவே. பிரகாசமான நீல ஒளிக்கு 1990-களின் ஆரம்பம் வரையில் உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சிவப்பு விளக்குகளைச் செய்த நிறுவனங்களுள் ஒன்றாகிய லிட்ரானிக்ஸ், 1970-களின் தொடக்கத்தில் நம் பாயான் லெப்பாஸிலே தொழிற்சாலை அமைத்தது. பின்னாளில் ஆஸ்ராம் என்ற பெயரில் நாம் அறிந்தது அதன் வழிவந்ததே. தீர்வையற்ற துறைமுகம் என்ற அந்தஸ்து 1969-இல் பறிபோய், வேலையின்மை வீட்டுக்கு வீடு பேச்சாக இருந்த அந்த நாட்களிலே, டாக்டர் லிம் சோங் யூ முதலமைச்சராக இருந்து உண்டாக்கிய சுதந்திர வர்த்தக வலயத்துக்கு இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலெட் பேக்கர்ட், ஹிட்டாச்சி முதலியவற்றோடு சேர்ந்து வந்த முதல் எட்டு நிறுவனங்களுள் அதுவும் ஒன்று. மைக்ராஸ்கோப்பின் கீழே கண்ணை வைத்து, தலைமுடியினும் மெல்லிய தங்கக் கம்பியை இம்மி பிசகாமல் இணைத்து இப்படிப்பட்ட நுண்பொருள்களை உருவாக்கியவர்கள், இத்தீவிலும் எதிர்க்கரையிலும் இருந்து கம்பெனி பஸ் ஏறி வந்த மலாய், சீன, தமிழ்ப் பெண்களே. திரையிலே இன்று ஒளிரும் புள்ளி வெறும் சித்திரந்தான் என்றாலும், சிவந்த ஒளிப்பொறி ஒன்றைக் கண்டால் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற பழக்கத்தை உலகுக்கு ஏற்படுத்தியதிலே நம் ஊர்ப் பெண்களின் கண்ணுக்கும் கைக்கும் ஒரு பங்கு உண்டு என்று நான் பெருமையோடு கருதுகிறேன்.

இனி, காரியத்துக்கு வருவோம். பினாங்கு வீதியிலே மொத்த மளிகை வியாபாரம் நடத்தும் நண்பர் ஒருவர் தம் கணினியை எனக்குக் காட்டினார். அடிப்பட்டையில் இருந்த ஐந்து சின்னங்களில் ஐந்திலும் சிவப்பு. வாட்ஸ்அப்பின்மேல் ‘99+’ என்று நின்றது, தபாலின்மேல் வேறொரு தொகை, அருகிலே டெலிகிராம். “ஐயா, இதுல எது துறைமுகத்துல சரக்கு இறங்கின சேதி, எது பேரன் அனுப்புன காலை வணக்கம்னு பிரிச்சுப் பாக்கறதுக்குள்ள பாதி நாள் போயிடுது” என்றார் அவர். ‘99+’ என்பது ஓர் எண்ணாகத் தோன்றினாலும் அதன்பின் எத்தனை சேர்ந்தாலும் மாறாத ஒரு குறி. ஆகையால் புதிதாக வந்ததொன்றை அதனால் உணர்த்தவே இயலாது. எப்போதும் ஏறியே இருக்கும் கொடியை எவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

ஆகவே, வர்ணத்தை மாற்றுவதற்கு முன்னால் தொகையைச் சீர்ப்படுத்துவதே முறை. டெலிகிராமின் மேசைக்கணினிப் பதிப்பிலே, செட்டிங்ஸுக்குள் நோட்டிபிகேஷன்ஸ் என்ற பகுதியில், பேட்ஜின் எண்ணிக்கைக்கென்றே இரண்டு விசைகள் இருக்கின்றன: வாய் மூடி வைத்த குழுக்களையும் கணக்கில் சேர்ப்பதா என்பது ஒன்று, படிக்காத செய்திகளை எண்ணுவதா, அல்லது செய்தி வந்திருக்கும் உரையாடல்களை மாத்திரம் எண்ணுவதா என்பது மற்றொன்று. இரண்டையும் அணைத்தவுடன் நண்பருடைய முந்நூற்றுச் சொச்சம் நான்காக இறங்கிற்று. அந்த நான்கும் அவர் பார்க்க வேண்டியவையே. மாக் கணினியின் தபால் செயலியிலும், உள்வரும் பெட்டியை மாத்திரம் எண்ணு, எல்லாப் பெட்டிகளையும் எண்ணு, எதையும் எண்ணாதே என்று நாமே கட்டளையிடுவதற்கு, அதன் பொது அமைப்புகளிலே இடம் உண்டு.

அடுத்தது, எந்தச் சின்னத்துக்குக் குறி வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது. மாக்கில் இதனைச் செயலி செயலியாக, நோட்டிபிகேஷன்ஸ் பகுதியிலே தீர்மானிக்கலாம். ஆனால் புள்ளியின் சிவப்பை மாற்ற ஆப்பிள் இடம் கொடுப்பதில்லை, முகப்பின் மற்ற வர்ணங்களை எவ்வளவு மாற்றினாலும் அந்தப் புள்ளி மாறுவதில்லை. இதை நான் ஒரு குறையாகவே கருதுகிறேன். விண்டோஸ் 11-இலோ, செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், டாஸ்க்பார் என்ற வழியிலே சென்றால், பட்டையின் நடத்தை பற்றிய பகுதியில் எல்லாப் பேட்ஜுகளையும் ஒரே அடியாக மறைக்கும் விசை இருக்கிறது. பல சின்னங்களின்மேல் பதிகின்ற படத்தை அந்தந்தச் செயலியே வரைந்து கொடுப்பதால், அதன் வர்ணத்தை விண்டோஸின் வாயிலாக மாற்றுவது கைகூடாது. இதற்குப் பரிகாரமாக அதே அமைப்பில் நான் மிகவும் மதிக்கின்ற ஒரு சௌகரியம் உண்டு. சிஸ்டம் பகுதியில் போகஸ் என்பதைத் தொடங்கி, அரைமணியோ ஒருமணியோ குறிப்பிட்டுவிட்டால், அந்த நேரம் முடியும் வரையில் பட்டையிலே பேட்ஜும் தோன்றாது, சின்னம் துடிக்கவும் துடிக்காது. நேரம் முடிந்ததும் எல்லாம் தாமாகவே திரும்பி வரும். கணக்கு எழுதுகிறவர்களும் கட்டுரை எழுதுகிறவர்களும் இதனை அவசியம் பழகிக்கொள்ள வேண்டும்.

வர்ணத்தையும் வடிவத்தையும் தம் விருப்பப்படியே அமைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு லினக்ஸ் முகப்புகளே உகந்தவை. கே.டி.இ. பிளாஸ்மாவில் பேட்ஜின் வர்ணம் முகப்பின் சிறப்பு வர்ணத்தைத் தழுவியே வருகிறது. 2021 அக்டோபரில் வந்த 5.23 பதிப்பு முதல் அந்தச் சிறப்பு வர்ணத்தை நாமே தேர்ந்துகொள்ளலாம் என்பதால், பச்சை வேண்டுவோர்க்குப் பச்சையும் நீலம் வேண்டுவோர்க்கு நீலமும் ஒரு சொடுக்கில் கிடைக்கும். உபுண்டுவிலும் பிற க்னோம் முகப்புகளிலும் டாஷ் டு டாக் என்னும் இணைப்பு பயன்படுகிறது. அந்த இணைப்போடு கூடவே அதன் தோற்றத்தை விவரிக்கும் ஒரு சி.எஸ்.எஸ். கோப்பு வருகிறது, அதிலே பேட்ஜுக்கு உரிய சில வரிகளைத் தேடிப் பிடித்து, பின்னணி வர்ணம், எழுத்தின் வர்ணம், ஓரங்களின் வளைவு ஆகியவற்றைத் திருத்தி எழுதிச் சேமித்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்ளே வந்தால், வட்டம் சதுரமாகவும் சிவப்பு மஞ்சளாகவும் மாறியிருக்கக் காணலாம். கோப்பைத் திருத்துமுன் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வது உத்தமம்; இணைப்பு புதுப்பிக்கப்படும்போது நம் திருத்தம் அழிந்துபோகும் ஆகையால், திருத்திய வரிகளையும் வேறிடத்தில் குறித்து வைக்க வேண்டும்.

எந்த வர்ணத்தைத் தேர்வது என்பதிலே ருசிக்கு இடம் உண்டு. ஆனால் ருசிக்கு முன்னால் கண் இருக்கிறது. வலைப்பக்கங்களை எல்லோரும் படிக்கத் தக்கவையாகச் செய்வதற்கென்று வகுக்கப்பட்ட சர்வதேச விதிகளின்படி, சாதாரண அளவுள்ள எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே பிரகாச வேற்றுமை 4.5-க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையலாகாது. கலப்பற்ற சிவப்பின்மேல் வெள்ளை எழுத்து, நாம் அன்றாடம் காணும் அந்த ஜோடி, 4-க்கு 1 என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. அரக்குச் சிவப்பின்மேல் வெள்ளை எழுதினால் விகிதம் ஏறக்குறைய 11 ஆகிறது. மஞ்சளின்மேல் கறுப்போ 19-ஐயும் தாண்டுகிறது. கண்புரை படரத் தொடங்கிய வயதினருக்கும், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியக் கூடாமல் பிறந்தவர்களுக்கும் இந்த வித்தியாசம் வெறும் கணக்கன்று. சிவப்புக்கும் பச்சைக்கும் வேற்றுமை தெரியாத ஒருவருக்குச் செம்புள்ளி ஒரு பொருளையும் பச்சைப்புள்ளி மற்றொரு பொருளையும் சொல்லும்படி அமைப்பது, அவரைக் கதவுக்கு வெளியே நிறுத்துவதாகும். கொடிச் சங்கேதத்தை வகுத்தவர்கள் வர்ணத்தை மாத்திரம் நம்பியிருக்கவில்லை. கோடு, சதுரம், சிலுவை, வெட்டுவாய் என்று வடிவத்தையும் துணைக்கு வைத்தார்கள். புறப்படப் போகும் கப்பல் ஏற்றுகின்ற நீலக் கொடியின் நடுவிலே ஒரு வெள்ளைச் சதுரம் இருப்பது அதனால்தான் அத்தனை தெளிவாகத் தெரிகிறது.

இதைச் சோதித்துப் பார்க்கச் சுலபமான ஒரு வழி உண்டு. விண்டோஸில் ஆக்சஸிபிலிட்டி என்ற பகுதியிலே கலர் பில்டர்ஸ் என்பதைத் திறந்து, கிரேஸ்கேல் என்னும் சாம்பல் வர்ணத்தைத் தேர்ந்து இயக்கினால், திரை முழுவதும் பழைய கறுப்பு வெள்ளைச் சினிமாவின் தோற்றத்தை அடையும்; மாக்கிலும் அதே பெயருள்ள பகுதியில் இந்த வசதி இருக்கிறது. அந்த நிலையில் நாற்காலியை ஒரு முழம் பின்னுக்கு இழுத்து அமர்ந்து, பட்டையைப் பாருங்கள். குறி இருக்கும் சின்னமும் இல்லாத சின்னமும் வேறுவேறாகத் தெரிந்தால், நீங்கள் அமைத்துக்கொண்ட பேட்ஜ் உருப்படியானது. தெரியாவிட்டால் பின்னணியை இன்னும் இருட்டாக்கவோ, எழுத்தைத் தடிமனாக்கவோ வேண்டும். பினாங்கு வீதி நண்பருக்கு நான் சொன்னது இன்னும் சுருக்கம்: சரக்குக் கப்பல் ஏஜெண்டிடமிருந்து வரும் தபாலுக்கு மாத்திரம் குறி இருக்கட்டும், மற்ற நான்கு சின்னங்களின் குறிகளையும் அணைத்துவிடுங்கள், பேரனுடைய செய்திகளை மதியச் சாப்பாட்டுக்குப் பின் நிதானமாகத் திறந்து பாருங்கள். “அப்படியே செஞ்சிடறேங்க ஐயா” என்று அவர் அங்கேயே விசைகளை ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கினார். பேரனுக்கு மாத்திரம் ஒரு தனிச் சத்தம் வைக்க முடியுமா என்று கேட்டார்.

முடியும். சத்தங்களைப் பற்றி அடுத்த வாரம்.